லண்டனில் ஒரு 'லோக்கல்' பப் தேடுவது எப்படி: விமர்சகரைக் கேட்பதா, கூகுள் ஸ்டாரை நம்புவதா?

மூன்று வருடம் முன்பு தென்கிழக்கு லண்டனில் வீடு மாறினேன். பெட்டிகளைப் பிரிக்கக்கூட இல்லை, போனை எடுத்து 'பப்' என்று தட்டினேன். பத்து நிமிட நடைக்குள் ஏழு காட்டியது. 4.7 ஸ்டார் வாங்கியிருந்த ஒன்றுக்கு அன்று மாலையே கிளம்பிவிட்டேன். வாசலில் ஒரு பெண் டேப்லெட்டோடு நின்று, "புக்கிங் இருக்கிறதா?" என்றார். உள்ளே எல்லா மேசையிலும் கத்தி, முள்கரண்டி, மடித்து வைத்த துணி நாப்கின். பியர் மட்டும் குடிக்க வந்தவனுக்குக் கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு உயர ஸ்டூல் கிடைத்தது. கொடுத்த பைண்டில் (அரை லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும் பியர் கிளாஸ்) வினிகர் வாடை.

வீட்டுக்கு வந்து ரிவ்யூக்களை ஒழுங்காகப் படித்தேன். அந்த 4.7 பொய்யில்லை. அது ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட் சாப்பாட்டுக்கு விழுந்த 4.7. பியரைப் பற்றி நாற்பது ரிவ்யூவுக்கு ஒருவர்தான் பேசியிருந்தார். மார்க்கைப் பார்த்தேனே தவிர, எந்தப் பாடத்தில் வாங்கிய மார்க் என்று பார்க்கவில்லை.

இங்கிலாந்தில் 'மை லோக்கல்' என்றால் வீட்டுக்குப் பக்கத்தில் வழக்கமாகப் போகும் பப். நம் ஊரில் ஒருவரை 'லோக்கல்' என்றால் சண்டைக்கு வருவார். இங்கே அது பாசமான சொல். டாஸ்மாக் பாரில் பிளாஸ்டிக் டம்ளரோடு பழகியவர்களுக்கு, ஒரு பாரைத் தேர்ந்தெடுப்பது என்பதே புதுப் பழக்கம். தெருமுனையில் இருக்கிற ஒரே கடைக்கு ரிவ்யூ எதற்கு? லண்டனில் அப்படியில்லை. ஆயிரக்கணக்கான பப்கள், ஒவ்வொன்றைப் பற்றியும் ஆளுக்கொரு கருத்து. அதற்குள் புகுந்து வெளியே வர நான் கற்றுக்கொண்ட வழி இது.

படி 1: எதற்காகப் போகிறீர்கள்?

ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். 'வேலை முடிந்து தனியாக ஒரு பைண்ட்.' 'ஊரிலிருந்து வரும் மாமாவை உட்கார வைத்துப் பேச ஓர் இடம்.' 'குழந்தையோடு ஞாயிறு மதியம்.' மூன்றுக்கும் ஒரே பப் பொருந்துவது அபூர்வம். என் வரி முதலாவது. இனி சொல்வதெல்லாம் அந்த ஆசையின் சாய்வோடுதான் இருக்கும்.

படி 2: விமர்சகர் என்றால், எந்த விமர்சகர்?

பட்டியல் போடுகிறவர்கள் ஒரு வகை. 'உலகின் சிறந்த 50 பார்கள்' பட்டியல் 2009இலிருந்து வருகிறது. லண்டன் மேஃபேரில் உள்ள கனாட் ஹோட்டலின் பார் 2020, 2021 இரண்டு வருடமும் அதில் முதலிடம். மார்ட்டினி வண்டியை மேசைக்கே தள்ளிக்கொண்டு வந்து கலக்கித் தருவார்கள். வாழ்க்கையில் ஒருமுறை பார்க்க வேண்டியதுதான். ஆனால் செவ்வாய்க்கிழமை மாலை அழுக்கு ஷூவோடு போகிற இடமல்ல. நம் தேடலுக்கு இந்தப் பட்டியலால் பயன் கிட்டத்தட்ட இல்லை.

அடுத்தது பத்திரிகைகளின் சாப்பாட்டு விமர்சகர்கள். நன்றாக எழுதுவார்கள், பில்லைப் பத்திரிகை கட்டும், அதனால் கடைக்காரருக்குப் பணிய வேண்டியதில்லை. சிக்கல் வேறு. பப்பை அவர்கள் உணவகமாகவே பார்ப்பார்கள். 1991இல் ஃபாரிங்டன் சாலையில் இருந்த 'தி ஈகிள்' புது ஆட்கள் கைக்கு வந்து, பப்பிலேயே நல்ல சாப்பாடு என்று ஆரம்பித்தது. 'கேஸ்ட்ரோபப்' என்ற சொல்லே அதிலிருந்துதான் பரவியது. இன்று ஃபுல்ஹமில் இருக்கும் 'ஹார்வுட் ஆர்ம்ஸ்' நல்ல சமையலுக்கான மிஷலன் ஸ்டார் வாங்கிய பப். அதன் மான்கறியைப் பற்றி எவ்வளவோ படிக்கலாம். பியர் எந்த நிலையில் வந்தது என்பதற்கு ஒரு வரி கிடைத்தால் பெரிது.

நான் அதிகம் நம்புவது மூன்றாவது வகையை. கேம்ரா (கேமரா இல்லை, கேம்ரா) என்ற அமைப்பை 1971இல் அயர்லாந்துக்குச் சுற்றுலா போன நான்கு ஆங்கிலேயர்கள் தொடங்கினார்கள். பெரிய கம்பெனிகள் வாயு ஏற்றிய, ருசியற்ற பியரை நாடு முழுக்கத் திணித்துக்கொண்டிருந்த காலம். அதற்கு எதிராகப் பாரம்பரிய 'கேஸ்க் ஏல்' பியரைக் காப்பாற்றக் கிளம்பிய நுகர்வோர் இயக்கம் அது. அவர்கள் வருடாவருடம் போடும் 'குட் பியர் கைடு' புத்தகத்தில் சுமார் 4,500 பப்கள் இருக்கும். 1974 பதிப்பில் வாட்னீஸ் என்ற பெரிய கம்பெனியின் பியரைப் பற்றி 'பிளேக் நோயைக் கண்டது போல ஒதுங்கிப் போங்கள்' என்று அச்சடித்துவிட்டு, வழக்கு வருமோ என்று பயந்து 'என்ன ஆனாலும் தவிர்த்துவிடுங்கள்' என்று மாற்றினார்கள். மாற்றியதும் ஒன்றும் இதமாக இல்லை, பாருங்கள்.

இந்தப் புத்தகத்தில் இடம்பெற பப் காசு கொடுக்க முடியாது. அந்தந்தப் பகுதிக் கிளை உறுப்பினர்கள் வருடம் முழுக்கக் குடித்து, 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுகிறார்கள். 3 என்றால் நல்ல பியர், 5 என்றால் குறையே இல்லாதது. சுவர்க்காகிதம் அழகா, கழிவறை சுத்தமா என்பதெல்லாம் பிறகு. முதலில் கிளாசில் இருப்பது. அவர்கள் சம்பளம் வாங்கும் விமர்சகர்கள் இல்லைதான். ஆனால் ஒருமுறை வந்துபோகும் விமர்சகரைவிட, அதே பப்புக்கு இருபது தடவை போன தபால்காரர் எனக்கு மேல்.

கேஸ்க் ஏல் ஏன் இவ்வளவு முக்கியம் என்றும் சொல்லிவிடுகிறேன், ரிவ்யூ படிக்க இது உதவும். இந்த பியரில் ஈஸ்ட் உயிரோடு இருக்கும். பப்பின் நிலவறையில், பீப்பாய்க்குள்ளேயே மறுபடி நொதிக்கும். 11 முதல் 13 டிகிரி வெப்பத்தில் வைத்திருந்து, கை பம்பால் இழுத்து ஊற்றுவார்கள். நம் தோசை மாவு மாதிரிதான். அவசரப்பட்டால் பச்சையாக இருக்கும், பக்குவத்தில் அமிர்தம், அதைத் தாண்டினால் புளிப்பு. திறந்த பீப்பாயை மூன்று நாளுக்குள் விற்றுவிட வேண்டும். ஆகவே இதை நன்றாகத் தருகிற பப்பில் வேலை தெரிந்த, அக்கறையுள்ள ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தம். கீழே நிலவறையைக் கவனிக்கிறவர் மேலே மனிதர்களையும் கவனிப்பார் என்பது என் அனுபவம். விதிவிலக்குகள் உண்டு, பெயர் சொல்ல மாட்டேன்.

கைடுக்கும் குறை உண்டு. ஒவ்வொரு கிளைக்கும் இத்தனை இடம்தான் என்று ஒதுக்கீடு. நல்ல பப்கள் நெருக்கமாக இருக்கும் பகுதியில் நல்லதே வெளியே நின்றுவிடும். இன்னொன்று ஆழமானது: அளவுகோல் கேஸ்க் ஏல் என்பதால், அது இல்லாத பப் எவ்வளவு அருமையாக இருந்தாலும் கண்ணில் படாது. தேசி பப்கள், அதாவது இந்திய வம்சாவளியினர் நடத்தும் பப்கள், அப்படித்தான் பல காலம் விட்டுப்போயின. 1960களில் கறுப்பரையும் ஆசியரையும் உள்ளே விடாத பப்கள் இங்கிலாந்தில் சர்வ சாதாரணம். 1965 பிப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் பர்மிங்ஹம் அருகே ஸ்மெத்விக் ஊருக்கு வந்து பார்த்தது அந்த நிறத்தடையைத்தான். அதே வருடம் பொது இடங்களில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. பிற்பாடு பஞ்சாபிகள் பப்களைத் தாங்களே எடுத்து நடத்த ஆரம்பித்தார்கள். இரும்புத் தட்டில் புகைந்துகொண்டு வரும் மிக்ஸ்டு கிரில், குளிர்ந்த லாகர், டிவியில் கிரிக்கெட். சவுத்ஹாலில் இருந்த 'கிளாஸி ஜங்ஷன்' இந்திய ரூபாயையே வாங்கிக்கொண்டது, 2012இல் மூடிவிட்டார்கள். இந்தப் பப்களுக்கென்று தனியாக ஒரு வழிகாட்டி நூல், டேவிட் ஜேசுதாசன் எழுதியது, 2023இல்தான் வந்தது. வெளியிட்டது அதே கேம்ரா. ஆக, ஒரு விமர்சகரைப் படிக்கும்போது அவர் எதைப் புகழ்கிறார் என்பதோடு, எந்தத் தெருவுக்கு அவர் போவதே இல்லை என்பதையும் கவனியுங்கள்.

படி 3: ஸ்டாரை வடிகட்டுங்கள்

2017இல் ஊபா பட்லர் என்ற இளைஞர் லண்டன் டல்விச்சில் தன் வீட்டுத் தோட்டக் கொட்டகையை ஓர் உணவகம் என்று டிரிப்அட்வைசரில் பதிவு செய்தார். அதற்கு முன் அவர் 10 பவுண்டுக்கு ஒன்று என்று போலி ரிவ்யூ எழுதிச் சம்பாதித்தவர். ஷேவிங் நுரையை வைத்து 'உணவு'ப் படங்கள் எடுத்தார். ஒரு படத்தில் முட்டைக்குப் பக்கத்தில் இருப்பது அவருடைய குதிகால். நண்பர்களை விட்டு ரிவ்யூ எழுத வைத்தார். ஆறு மாதம் சொச்சத்தில், லண்டனின் 18,000க்கும் அதிகமான உணவகங்களில் அது முதலிடம். ஒரு வாய் சோறு போடாமலே.

அதற்காக எல்லா ரிவ்யூவும் பொய் என்று சொல்ல வரவில்லை. ஆனால் பொய் சொல்லக் காரணம் பலமாக இருக்கிறது. ஹார்வர்டைச் சேர்ந்த மைக்கேல் லூகா, சியாட்டில் உணவகங்களை வைத்துப் பார்த்தபோது, யெல்ப் தளத்தில் ஒரு ஸ்டார் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் உயர்வதைக் கண்டார். அதுவும் தனிக் கடைகளுக்குத்தான். சங்கிலிக் கடைகளை ஸ்டார் அசைக்கவில்லை. பிரிட்டனில் 2025 ஏப்ரலிலிருந்து போலி ரிவ்யூ சட்டப்படி தடை செய்யப்பட்டது. நிறுவனத்தின் உலகளாவிய விற்பனையில் 10 சதவீதம் வரை அபராதம் போடலாம். ஆனால் தெருமுனை பப் முதலாளியின் மச்சான் எழுதிய ஐந்து ஸ்டாரைக் கண்டுபிடிக்க எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. அதை நாமேதான் செய்ய வேண்டும்.

முதலில் மொத்த ஸ்டாரை மறந்துவிடுங்கள். 4.2க்கும் 4.5க்கும் நடுவில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்ததில்லை, 3.8க்குக் கீழே போனால் மட்டும் ஏன் என்று பார்ப்பேன். வரிசையைப் 'புதியது முதலில்' என்று மாற்றுங்கள். ஒரே வாரத்தில் பத்து ஐந்து ஸ்டார் விழுந்து, பத்திலும் ஒரே பணியாளரின் பெயர் இருந்தால், 'எங்களுக்கு ரிவ்யூ போடுங்களேன்' என்று மேசை மேசையாகக் கேட்டிருக்கிறார்கள். எழுதியவரின் பெயரைத் தட்டினால் அவருடைய மற்ற ரிவ்யூக்கள் வரும். அந்தப் பகுதியில் முப்பது பப்பைப் பற்றி எழுதியவர் மூன்று ஸ்டார் கொடுத்திருந்தால், அது முதல்முறை எழுதுகிறவரின் ஐந்தைவிட கனமானது.

ரிவ்யூக்களுக்குள் தேடும் வசதியும் இருக்கிறது. கேஸ்க், லேண்ட்லார்டு (பப்பை நடத்துகிறவர்), க்விஸ், நியூ ஓனர் என்று ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். முதல் சொல்லுக்கு ஒன்றுமே வராத பப்பில் பியர் ஒரு பொருட்டில்லை.

படி 4: ஒரு ஸ்டார் ரிவ்யூக்களை ஆசையோடு படியுங்கள்

எனக்குப் பிடித்த பகுதி இது. நல்ல பப்பின் ஒரு ஸ்டார் ரிவ்யூ பெரும்பாலும் மறைமுகமான பாராட்டு.

'அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், யாருமே ஆர்டர் எடுக்க வரவில்லை.' வரமாட்டார்கள். பப்பில் நாமே எழுந்து பாருக்குப் போய் வாங்க வேண்டும். பாரை ஒட்டி நின்றால், வரிசை என்று ஒன்று தெரியாவிட்டாலும் அடுத்தது யார் என்பது பார்க்காரருக்குத் தெரியும். எழுதியவர் சுற்றுலாப் பயணி.

'பியர் வெதுவெதுப்பாக, நுரையே இல்லாமல் இருந்தது.' 12 டிகிரியில் வரும் கேஸ்க் ஏல் அப்படித்தான் இருக்கும். இந்தப் புகார் இருந்தால் அங்கே கேஸ்க் உண்டு என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் 'புளிப்பு', 'வினிகர்', 'கலங்கல்' என்று மூன்று மாதத்துக்குள் இரண்டு பேர் சொல்லியிருந்தால் அது உண்மையான புகார்.

'சாப்பாடு இல்லை, சிப்ஸ் பாக்கெட்தான்.' 'டிவி இல்லை, பாட்டு இல்லை.' 'எட்டு மணிக்கு மேல் குழந்தைக்கு அனுமதி இல்லை என்றார்கள்.' படி 1இல் எழுதிய வரியைப் பொறுத்து இவை உங்களுக்கு வசையாகவோ விளம்பரமாகவோ இருக்கும். எனக்கு விளம்பரம்.

'சனிக்கிழமை போனோம், பூட்டியிருந்தது.' ஹாட்டன் கார்டன் பக்கம் ஒரு சந்துக்குள் ஒளிந்திருக்கும் 'யி ஓல்டு மைட்டர்' பப்புக்கு வார நாளில் மட்டும் திறப்பது நெடுநாள் வழக்கம். நகைக்கடை, அலுவலகக் கூட்டத்துக்கான பப் அது. சனிக்கிழமை பூட்டியதற்கு ஒரு ஸ்டார் வெட்டுவது, ஞாயிறு வங்கிக்குப் போய் மேனேஜரைத் திட்டுவது மாதிரி.

கவலைப்பட வேண்டியவை வேறு. கல்லாவில் தவறு, மீதிச் சில்லறையில் தகராறு, ஒரு பெண் தனியாக வந்தபோது நடந்த விஷயங்கள், நிறத்தைப் பார்த்து முகம் மாறியது. இப்படி ஒன்றே ஒன்று இருந்தாலும் முழுக்கப் படியுங்கள், தேதி பாருங்கள், முதலாளி என்ன பதில் எழுதினார் என்று பாருங்கள். பத்திரிகை விமர்சகர் இதையெல்லாம் பார்த்திருக்க வாய்ப்பே குறைவு. அவர் போன மாலை எல்லோரும் நன்றாகத்தான் நடந்துகொண்டிருப்பார்கள். வாடிக்கையாளர் ரிவ்யூ விமர்சகரை அடித்துவிடுகிற இடம் இதுதான்.

படி 5: இரண்டையும் தேதியால் தையுங்கள்

கைடு இலையுதிர் காலத்தில் வரும். அதற்கான தேர்வு அதற்குப் பல மாதம் முன்பே முடிந்திருக்கும். அடுத்த கோடையில் அதைப் புரட்டும்போது நீங்கள் படிப்பது ஒரு வருடத்துக்கும் பழைய பப். நடுவில் நடத்துகிறவர் மாறியிருந்தால் எல்லாமே மாறியிருக்கும், பலகையும் பெயரும் மட்டும் அப்படியே தொங்கும். அதனால் நான் செய்வது: கைடிலும் கேம்ராவின் உள்ளூர்க் கிளை இதழிலும் பெயர்களை எடுப்பேன். பிறகு கூகுளில் கடைசி மூன்று மாத ரிவ்யூவை மட்டும் படிப்பேன். திடீரென்று தொனி மாறியிருக்கிறதா? 'முன்பு நன்றாக இருந்தது' என்று பழைய ஆட்கள் புலம்புகிறார்களா? அப்படியென்றால் ஆள் மாறிவிட்டது.

அண்டாப்டு என்ற செயலியையும் பாருங்கள். அதில் மக்கள் மார்க் போடுவது பப்புக்கு இல்லை, குடித்த பியருக்கு. மார்க்கை விட்டுவிடுங்கள், கெட்டியான கறுப்பு பியரான ஸ்டவுட்டுக்கு அள்ளிக் கொடுத்து, பிட்டர் என்ற சாதாரண ஏலுக்குக் கிள்ளிக் கொடுப்பது அங்கே வழக்கம். நமக்கு வேண்டியது வேறு: நேற்று அந்தப் பப்பில் எந்த பியர் ஓடியது, வாரத்துக்கு வாரம் மாறுகிறதா என்பது. அது படத்தோடு கிடைக்கும்.

இணையத்தில் அதிகம் சிக்காத பப்களும் உண்டு. சாமுவேல் ஸ்மித் நிறுவனம் 2019இல் தன் பப்களில் போனைத் தொடக் கூடாது என்றே தடை போட்டது. ஹோபர்னில் உள்ள அவர்களுடைய 'பிரின்சஸ் லூயிஸ்' பப்பில் விக்டோரியா காலத்துச் செதுக்குக் கண்ணாடியும் மரத் தடுப்புகளும் இருக்கின்றன. ரிவ்யூவைப் படிக்காமல் நேரே போகலாம்.

படி 6: செவ்வாய்க்கிழமை ஐந்தரைக்குப் போங்கள்

வெள்ளி இரவு எல்லாப் பப்பும் நல்ல பப்தான். செவ்வாய் மாலைதான் சாயம் வெளுக்கும்.

உள்ளே போனதும் கை பம்புகளை எண்ணுங்கள். ஒரு சின்ன பீப்பாயில் 72 பைண்ட். மூன்று நாளில் தீர வேண்டுமானால் ஒரு பம்புக்கு நாளைக்கு 24 பைண்ட் போக வேண்டும். எட்டு பம்ப் என்றால் 192. அங்கே பதினொரு பேரும் ஒரு நாயும்தான் இருக்கிறார்கள் என்றால், கணக்கு உதைக்கிறது. இரண்டு மூன்று பம்ப் மட்டும் வைத்திருக்கும் பப்பே எனக்குப் பாதுகாப்பாகப் படும். பம்பின் முகத்தில் இருக்கும் அட்டை திருப்பி வைக்கப்பட்டிருந்தால் அந்த பியர் இப்போது இல்லை; இருப்பதாகக் காட்டி ஏமாற்றவில்லை என்பதே ஒரு நல்ல அடையாளம்.

கொஞ்சம் ருசி பார்க்கலாமா என்று கேளுங்கள். தயங்காமல் ஒரு வாய் ஊற்றித் தருவார்கள். குழாயில் இரவெல்லாம் தேங்கியதை முதலில் இழுத்துக் கொட்டிவிட்டுப் பிறகு ஊற்றுகிறாரா என்று பாருங்கள். பியர் புளித்திருந்தால் திருப்பிக் கொடுங்கள். நல்ல பப்பில் மோந்து பார்த்துவிட்டு வேறு தருவார்கள்; சிலர் அந்த அட்டையையே திருப்பிவிடுவார்கள். முதல் நாள் அந்த 4.7 பப்பில் எனக்கு இது தெரியவில்லை. பாதி குடித்துவிட்டு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு சும்மா உட்காருங்கள். பக்கத்து ஆள் பத்து நிமிடத்தில் வானிலையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் போதும். இதை எந்த விமர்சகரும் எழுத முடியாது. அவர் கையில் குறிப்பேட்டோடு இருந்தவர்.

படி 7: பார்க்காரரைக் கேளுங்கள்

தெரியாத ஊரில் நல்ல மெஸ் எங்கே என்று ஆட்டோக்காரரைக் கேட்போம் இல்லையா, அதேதான். பைண்ட் வாங்கும்போது, "லீவு நாளில் நீங்கள் எங்கே குடிப்பீர்கள்?" என்று கேளுங்கள். கோவென்ட் கார்டன் பக்கத்தில் 'தி ஹார்ப்' மாதிரி, 2010க்கான கேம்ராவின் தேசிய விருதை வாங்கிய முதல் லண்டன் பப் என்று எல்லோருக்கும் தெரிந்ததைச் சொன்னால், இன்னொரு தடவை அழுத்திக் கேளுங்கள். 'வீட்டுக்குப் பக்கத்தில் எங்கே?' என்று.

எனக்கு அப்படித்தான் கிடைத்தது. வேறொரு பப்பில் வேலை செய்யும் பெண் ஒரு தெருப் பெயரைச் சொன்னார். முதல் நாள் கூகுளில் ஏழில் ஆறாவதாக இருந்த பப். நான் கீழே நகர்த்திப் பார்க்கவே இல்லை. மூன்று பம்ப், சாப்பாடு கிடையாது, திங்களன்று ஒரு ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார். ஒரு ஸ்டார் ரிவ்யூ நான்கு. நான்கிலும் 'பழைய காலத்துப் பப்' என்ற திட்டு. அந்த வருடக் கைடில் இல்லை, அடுத்த வருடம் வந்தது. வந்ததிலிருந்து சனிக்கிழமைகளில் கையில் புத்தகத்தோடு புதுமுகங்கள் வருகிறார்கள்.

கூகுளில் இப்போதும் 4.2தான். வழக்கமாக வருகிற யாரும் ரிவ்யூ எழுதியதாகத் தெரியவில்லை. நானும் எழுதவில்லை. வெள்ளிக்கிழமை உட்கார இடம் கிடைப்பதே இப்போது கஷ்டமாக இருக்கிறது.